ரெஜினா போட்ட கடைசி சர்வீஸ்

வெள்ளாழித்துறையில், துறைமுகத் தொழிலாளர் மனமகிழ் மன்றத்து மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு ரெஜினா போட்ட சர்வீஸ், அவள் பக்கத்து மேஜையில் ஒரு தடவை தட்டி, வலையைத் தாண்டி, பவளக்கொடியின் பக்கத்தில் இன்னொரு தடவை தட்டி, மேஜைக்கு ஒரு முழம் மேலே எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது. கீழே விழவில்லை, மேலே போகவில்லை, முன்னே பின்னே அசையவில்லை. முப்பத்தேழு நாள் அப்படியே நின்றது.

நான் பக்கத்திலேயே இருந்தேன். மன்றத்தில் ஸ்கோர் அட்டை புரட்டுகிறவன் நான்தான். சூசை என்றால் துறைமுகக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வருஷமாக அட்டையைப் புரட்டிக்கொண்டு, ஒரு நாளும் மட்டையைத் தொடாமல், ஆடுகிறவர்களைவிட எனக்குத்தான் ஆட்டம் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

அன்றைக்கு நடந்தது மாவட்ட மகளிர் டேபிள் டென்னிஸ் இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவளுக்குத் துறைமுக அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. ரெஜினாவுக்கு இருபத்து நாலு வயது, இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம். பவளக்கொடிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணி முப்பத்தெட்டாவது நாள் முப்பது வயது நிரம்புகிறது. நிரம்பிவிட்டால் அந்த வேலைக்கு மனுப்போடவே முடியாது. அவள் மாமியார் வேறு காலையில் சோறு போடும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: "இந்த ஒரு கட்டையப் புடிச்சிக்கிட்டு எத்தன வருசம்தான் அலைவ? இந்தத் தடவையும் கெடைக்கலன்னா அடுப்புல வச்சிரணும், ஆமா." பவளக்கொடியும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இருவரும் எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷமாக ஜோடியாகப் பழகியவர்கள், ஒரே டப்பாவில் சோறு தின்றவர்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் மண்டபத்துக்கு வர மாட்டாள். ரெஜினாவின் சர்வீஸ் இந்த மாவட்டம் முழுக்கப் பேர் போனது. பந்துக்கு அடியில் வெட்டினால் அடிச்சுத்து, மேலே தேய்த்தால் மேல்சுத்து, ஓரத்தில் சீவினால் பக்கச்சுத்து; எதிராளி அதைத் தெரிந்துகொண்டுதான் மட்டையைச் சாய்க்க வேண்டும், தப்பாகச் சாய்த்தால் பந்து வலையிலோ கூரையிலோ போய் விழும். ரெஜினா எந்தச் சுத்தைக் கொடுத்தாலும் கை ஒரே மாதிரிதான் வரும். பந்தைத் தொட்ட மறு கணமே மணிக்கட்டை எதிர்ப்பக்கமாக ஒரு இழுப்பு இழுப்பாள், வெட்டினாளா தேய்த்தாளா என்று பார்க்கிறவன் திகைத்துப் போவான். மட்டை பந்தில் படும் சத்தத்தை வைத்தும் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அதே நேரத்தில் இடது காலைத் தரையில் ஓங்கித் தட்டுவாள். இந்தத் தந்திரங்கள் ஒவ்வொன்றையும் அவள் முதன்முதலில் போட்டுப் பார்த்தது பவளக்கொடியின் மேல்தான். பதினோரு வருஷத்தில் பவளக்கொடிக்கு அவள் போட்ட பந்து ஒன்றுகூட, பார்வைக்கு எப்படித் தெரிந்ததோ அப்படி வந்ததில்லை.

மற்ற ஊர்களில் பத்துக்குப் பத்து வந்தால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடுவார்கள். எங்கள் மண்டபத்தில் ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம். ஆகையால் பத்துக்குப் பத்து என்றால் ஒரே ஒரு பந்து, அதோடு தீர்ப்பு, மாவட்ட ஆட்டமானாலும் இதுதான் வழக்கம். அன்றும் கடைசி ஆட்டம் பத்துக்குப் பத்து வந்தது. சீட்டுக் குலுக்கியதில் சர்வீஸ் ரெஜினாவுக்கு விழுந்தது. அவள் பந்தை உயரப் போட்டாள், கையை வீசினாள், மணிக்கட்டை இழுத்தாள், காலைத் தட்டினாள். பந்து போனது. நின்றது.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தோம். யாரோ ஒரு பெண் "மாதாவே" என்றாள், அவ்வளவுதான் சத்தம். பவளக்கொடி மட்டையை ஓங்கியபடி உறைந்து போயிருந்தாள். என் கை பட்டு அட்டை இரண்டு தாள் புரண்டுவிட்டது. அதைத் திருப்பி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

நடுவர் ராயப்பன் சார்தான் முதலில் வாய் திறந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு நடத்தியவர், பந்து நின்றதைவிட விதி நின்றுவிடக் கூடாதே என்ற கவலைதான் அவருக்கு. புத்தகத்தை எடுத்து மூன்று தடவை படித்துவிட்டு எழுந்தார்.

"பவளக்கொடி பக்கம் ரெண்டாந் தடவ தட்டல. தரையில விழல. யாரும் தொடவும் இல்ல. ஆகவே பந்து ஆட்டத்துல இருக்கு. ரெண்டு பேரும் மட்டையக் கீழ வைக்கப்பிடாது."

"எவ்வளவு நேரம் சார்?" என்றாள் பவளக்கொடி.

"நேரம் எதுவும் புஸ்தகத்துல போடலம்மா. ஒனக்கு எப்ப அடிக்கணும்னு தோணுதோ அப்ப அடி. ஒரே அடி."

அடித்திருக்கலாம்தான். ஆனால் சுத்து தெரியாமல் எப்படி அடிப்பது? பவளக்கொடி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மேஜையைச் சுற்றி வந்து பார்த்தாள். எதிரே ரெஜினா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பவளக்கொடி கையைக் காட்டி அடக்கிவிட்டாள்.

"வாயத் தொறக்காதட்டி. பதினோரு வருசமா ஒன் கையப் படிச்சவ நான். நானே கண்டுபுடிக்கேன்."

ரெஜினா வாயை மூடிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, தோற்றுவிடுவோம் என்ற பயம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் ஊர் தூங்கவில்லை. இரண்டாம் நாள் சோறு வந்தது, பாய் வந்தது, தலையணை வந்தது. மூன்றாம் நாள் ராயப்பன் சார் ஒரு தாளில் எழுதி ஒட்டினார்: மட்டை கையில் இருக்கும்வரை குளிக்கப் போனாலும் தூங்கினாலும் ஆட்டத்தில் இருப்பதாகத்தான் பொருள். அதன்பிறகு இரண்டு பெண்களும் வலது கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சாப்பிடவும் தலை வாரவும் கற்றுக்கொண்டார்கள். காற்று படக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், தும்மல் வந்தவன் வெளியே ஓடித் தும்மிவிட்டு வந்தான். ஜெபக்கூட்டம் வேப்பமரத்தடிக்கு மாறியது. ஒரு வாரத்துக்குள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், கப்பலில் போய்த் திரும்பாத கணவன்மாருக்காக வேண்டிக்கொள்ள மனைவிமார் வந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பந்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இரண்டாவது வாரம் முடிவதற்குள், பந்து அங்கே நிற்பது, கலங்கரை விளக்கம் கடற்கரையில் நிற்பதுபோல ஆகிவிட்டது. ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதுதான் பேச்சு.

அது சுற்றுவதை எல்லாரும் பார்த்தார்கள். அது எழுப்புகிற உறுமலை எல்லாரும் கேட்டார்கள். ஆனால் இரண்டு பேர் ஒரே மாதிரி பார்க்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மேல்சுத்து என்றார்கள், மீன் ஏலம் போடுகிறவர்கள் பக்கச்சுத்து என்றார்கள். நான் அடிச்சுத்துக் கட்சி. ரெஜினா அன்றைக்கு மணிக்கட்டை இழுத்த இழுப்பை ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்து காட்டினேன். எல்லாரும் அதைத்தான் செய்து காட்டினார்கள். டீக்கடையில் கரண்டியை வைத்துச் செய்தார்கள், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போது செய்தார்கள், சவரக்கடையில் கத்தியோடு செய்து ஒருவர் காதை இழக்கப் பார்த்தார்.

செய்து காட்டிக் காட்டியே அந்தக் கை எங்கள் உடம்புக்குள் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் நாங்கள் பேசும்போதே காலைத் தட்ட ஆரம்பித்தோம். மீன்காரி "காலையில புடிச்சதுதான்" என்று சொல்லிக் காலைத் தட்டினாள், வாங்க வந்தவள் மீனை மோந்து மோந்து பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மேலத்தெருவில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் "எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று சொல்லிக் காலைத் தட்டியதில், மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்து, அது சம்மதமா இல்லையா என்று மூன்று நாள் வாதாடினார்கள். டாக்டர் "ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்" என்று காலைத் தட்டியதும் நோயாளி உயில் எழுதப் போய்விட்டார். என் மனைவி ஒரு மத்தியானம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒங்களக் கட்டிக்கிட்டு நான் என்ன கொறையக் கண்டேன்?" என்றாள், தரையில் டொக்கென்று சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிய எனக்கு, அந்த வார்த்தை எந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று தெரியவில்லை. எனக்குப் பகீரென்றது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தராவது அப்படி அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆனால் யாராலும் காலை நிறுத்த முடியவில்லை.

பவளக்கொடி மட்டும் பந்தின் முன்னால் இளைத்துக்கொண்டே போனாள். கண்ணை மூடி ரெஜினாவின் கையை நினைவுக்குக் கொண்டுவருவாள், மட்டையைச் சாய்ப்பாள், நெற்றி வேர்க்கும், பின்வாங்குவாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. மாமியார் தினமும் வந்து சோற்று டப்பாவை வைத்துவிட்டு, "இன்னும் எத்தன நாளு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். எதிர்ப்பக்கம் ரெஜினா பாயில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருப்பாள், பேச வாயெடுப்பாள், பவளக்கொடி தலையை ஆட்டுவாள். எனக்கே பாவமாக இருந்தது.

முப்பத்தேழாவது நாள் வந்தது. பவளக்கொடி ஜெயித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிவைத் துறைமுக அலுவலகத்தில் கொடுத்தால் அவள் பெயர் வேலைக்குப் போகும், விடிந்தால் முப்பது.

அன்றைக்குக் காலையில்தான் போர்டு எழுதுகிற லூர்து வந்தான். கூட்டம் தாங்க முடியாமல், தரிசன நேரம் என்று ஒரு பலகை எழுதி மாட்ட மன்றம் அவனைக் கூப்பிட்டிருந்தது. லூர்துக்கு ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாது, ரெஜினா சர்வீஸ் போட்டதையும் பார்த்ததில்லை, யாரும் செய்து காட்டியதையும் கவனித்ததில்லை. எங்கே போனாலும் எழுத்தைத்தான் பார்ப்பான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, பந்தைப் பார்த்து, கண்ணைச் சுருக்கினான்.

"இந்தக் கம்பெனிக்காரன் எழுத்து சரியில்லயே" என்றான். "மூணு நட்சத்திரம் போட்டுருக்கான், அதுக்குக் கீழ பேரு. கடைசி எழுத்து அழிஞ்சிருக்கு பாருங்க."

ராயப்பன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ன சொல்லுத லூர்து? எழுத்து தெரியுதா?"

"ஏன், ஒங்களுக்குத் தெரியலயா?"

சுற்றுகிற பந்தில் எழுத்தைப் படிக்க முடியாது. அது மங்கலான ஒரு கோடாகத்தான் தெரியும். நான் எழுந்து போய்ப் பார்த்தேன், எனக்குப் பின்னால் முழு மண்டபமும் எழுந்து வந்தது. மூன்று நட்சத்திரம். கீழே பெயர். கடைசி எழுத்து பாதி அழிந்திருந்தது. பந்து சுற்றவில்லை. ஒரு இழைகூடச் சுற்றவில்லை. முப்பத்தேழு நாள் நாங்கள் அதன் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உற்றுக் கேட்டால், அது குழல்விளக்கின் சத்தம். முப்பத்தேழு நாளும் பந்தைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நாங்கள் எல்லாரும் ரெஜினாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் எங்கள் ஊர் எதையும் ஜீரணித்துவிடும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மின்சார வேலை பார்க்கிற ஆரோக்கியம் கூட்டத்தின் நடுவிலிருந்து சொன்னார்: "காத்தாடி ரொம்ப வேகமா சுத்துனா நின்ன மாதிரி தெரியும் பாத்ததில்லயா? அதேதான் இது. அவ்வளவு வேகம்." அப்படித்தான், அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், சொன்னவுடன் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் வரை அதையே பேசினோம்.

மணி நாலேமுக்கால் ஆனபோது பவளக்கொடி மேஜைக்கு வந்து நின்றாள். பந்தை விட்டுவிட்டு நேருக்கு நேராக ரெஜினாவைப் பார்த்தாள்.

"எட்டி ரெஜினா. என்னால முடியல. நீயே சொல்லு. என்ன சுத்துட்டி போட்ட?"

ரெஜினா எழுந்தாள். மட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"சுத்தே இல்லக்கா. வெறும் பந்து. மட்டைய நேரா வச்சாப் போதும். எனக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்கு, ஒனக்கு இது ஒண்ணுதான இருக்கு. நீ ஜெயிக்கணும்னுதான் போட்டேன். எல்லாரும் பாக்காவளேன்னு கைய மட்டும் எப்பவும் போல இழுத்தேன். சத்தியமாக்கா. அந்த ஒரு பந்துதான் நான் ஒனக்கு நேராப் போட்டது."

பவளக்கொடியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது, மட்டை நேராக நிமிர்ந்தது. அவள் நம்பிவிட்டாள். நான் பார்த்தேன், அவள் நம்பிவிட்டாள்.

அப்போது ஸ்கோர் மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல் கத்தியது: "காலத் தட்டுனா! சொல்லும்போது காலத் தட்டுனா!"

அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், "என்னா நடிப்பு, என்னா நடிப்பு" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ரெஜினா "இல்ல, இல்ல" என்று கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பவளக்கொடியின் முகத்தில் மலர்ந்தது அப்படியே உதிர்ந்தது. பதினோரு வருஷம் பழகிய கை, தானாகச் சாய்ந்தது. கனத்த அடிச்சுத்துக்கு எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி, கீழிருந்து மேலே, உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்துத் தூக்கி அடித்தாள்.

பந்து நேராகக் கூரைக்குப் போனது. நின்றிருந்த மின்விசிறியில் மோதி, தரையில் விழுந்து, டக் டக் டக் என்று குதித்து, பெஞ்சுக்கு அடியில் உருண்டது. சாதாரணப் பந்து. ராயப்பன் சார் கடிகாரத்தைப் பார்த்தார், ரெஜினாவின் பக்கம் கையை உயர்த்தினார். நான் அட்டையைப் புரட்டினேன்: பதினொன்று, பத்து.

ரெஜினா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பவளக்கொடி சுற்றிக்கொண்டு வந்து அவளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துச் சிரித்தாள். கொஞ்சம்கூட வஞ்சகம் இல்லாத சிரிப்பு.

"எமகாதகி! கடைசி வரைக்கும் காட்டிக்குடுக்கலயே நீ! நம்பியே போயிட்டேன் பாத்துக்க. இப்பிடி ஒரு சர்வீஸ இனி எவ போடுவா?"

"நெசமாக்கா, நெசமாவே வெறும் பந்துதான்" என்றாள் ரெஜினா.

"போதும்ட்டி, ஆட்டம்தான் முடிஞ்சிட்டே" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, பவளக்கொடி வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் அந்த மட்டையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. ரப்பர் எரிகிற நாற்றம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது.

பந்து விழுந்த பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தட்டுவதை நிறுத்தியது. ரெஜினாவுக்கு உத்தரவு வந்தது, வேலையில் சேர்ந்தாள், அதன்பிறகு மண்டபத்துப் பக்கம் வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"சூசை அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எனக்குப் பக்கத்துல இருந்தது நீங்கதான். கத்துனதும் நீங்கதான். அக்காகிட்ட நூறு தடவ சொல்லிட்டேன், சிரிக்கா. நீங்க சொன்னா நம்புவா." மூச்சு வாங்கினாள். "நான் காலத் தட்டுனனா?"

அன்றைக்கு மண்டபத்தில் என் நாற்காலிக்கும் அவள் காலுக்கும் நடுவே இரண்டடிதான் தூரம். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பவே இல்லை. நான் ஏன் கத்தினேன்? பதினேழு வருஷமாக எல்லாம் தெரிந்தவன் என்று உட்கார்ந்திருந்தவனுக்கு, அவ்வளவு பெரிய விஷயம் வெறும் பந்து என்று ஆகிவிடுவதைத் தாங்க முடியவில்லை. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பவளக்கொடியின் வேலையைப் பறித்தவன் நான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

"தட்டுனம்மா" என்றேன்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் இடது காலை, அது யாருடைய காலோ என்பதுபோல, வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படியா அண்ணே" என்றாள். "அப்பம் பந்துலயும் சுத்து இருந்திருக்கும்."